வீடு தூக்கிய ஆவணி

எங்கள் வீடு ஒரு பக்கமாகச் சாய்ந்துகொண்டிருந்தது உள்ளே இருந்த எங்களுக்குத் தெரியவில்லை. முதலில் பார்த்தவர் எதிர்வீட்டு லாத்தா; முஸ்லிம் வீட்டு அக்காவை எங்கள் பக்கம் அப்படித்தான் கூப்பிடுவோம். துணி உலர்த்த மாடிக்கு வந்தவர், கைப்பிடிச் சுவரில் சாய்ந்துகொண்டு அம்மாவைக் கூப்பிட்டார்.

"தங்கச்சி, ஒங்க வூட்டுக் கூர வடக்கால எறங்குதே, பாத்தீங்களா?"

"மாடியிலேருந்து பாத்தா எங்க வூடு எறங்குனாப்லதான் லாத்தா தெரியும்," என்றாள் அம்மா.

இருவரும் சிரித்தார்கள். பேச்சு மீன் விலைக்குப் போய்விட்டது.

உங்களுக்கும் என் வயதென்றால் நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. குடியிருக்கிற வீட்டை யாரும் பார்ப்பதில்லை. அதன் தொந்தரவுகளை மட்டும்தான் பார்க்கிறோம். சமையலறைக் கதவு தரையில் உரசியது. ஈரத்தில் மரம் உப்பிவிட்டது என்றார் அப்பா. இழைப்புளி இரவல் வாங்கி வந்து கதவின் அடியைச் சீவினார். சில மாதம் கழித்து மறுபடி உரசியது, மறுபடி சீவினார். கதவு குட்டையாகிக்கொண்டே வந்தது. கதவு வளரவில்லை, மேலே இருக்கிற வீடுதான் இறங்குகிறது என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. அம்மியைக் கழுவிய தண்ணீர் வடக்குச் சுவரை நோக்கித் தானாக ஓடியது. அதை வசதி என்று நினைத்து அம்மா அந்தப் பக்கமே சாக்கடைக்கு வழி வைத்துக்கொண்டாள்.

எழுபதுகளின் பிற்பகுதி அது. காரைக்காலில் எங்கள் வீட்டைப் போல ஒன்றிரண்டு அப்போது இருந்தன. தெற்குப் பாதி செங்கல், வடக்குப் பாதி மரம். சைகோனில் சம்பாதித்த ஒருவர் கட்டி, பிறகு குடும்பத்தோடு பிரான்சுக்குப் போகும்போது அப்பாவுக்கு விற்றது. மரப்பாதியில்தான் கூடமும் சமையலறையும். முழங்கால் உயரத்துக்குச் செங்கல் கட்டு. அதன் மேல் நீளவாக்கில் படுக்க வைத்த ஒரு கட்டை. கட்டையின் மேல் தூண்கள். தூண்களுக்கு நடுவே பலகைச் சுவர். தூண்களின் தலையில் உத்தரம். அதற்கு மேல் ஓடு. பாதி வீட்டின் கனமும் அந்த ஒரு கட்டையின் மேல் நின்றது. பின்னால் ஆசாரி அதை அடிக்கட்டை என்று சொல்லிக் கேட்டோம். அதுவரை அதற்கு எங்களிடம் பெயர் கிடையாது. பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போது சுவரோடு சேர்த்து அதற்கும் சுண்ணாம்பு பூசுவோம். அந்தச் சுண்ணாம்புக்குப் பின்னால் அது உளுத்துக்கொண்டிருந்தது.

அந்த வருடம் தை மாதம் அக்காவுக்குக் கல்யாணம் ஆகியிருந்தது. மாப்பிள்ளை வீடு நெரவிக்கு உள்ளே தள்ளி ஒரு வயல்வெளிக் கிராமத்தில். எங்களுக்கும் அதற்கும் நடுவே அரசலாறு. அத்தான் டவுனில் ஓர் இரும்புக் கடையில் வேலை பார்த்தார். காலை பஸ்ஸில் வந்து மாலை பஸ்ஸில் திரும்புவார். வீட்டில் அக்காவும் மாமியாரும்தான். மாமியார் நல்ல மனுஷி. ஆனால் காது கேட்காது. பக்கத்தில் போய்த் தோளைத் தொட்டால்தான் திரும்புவார்.

அக்கா உண்டானது தெரிந்த நாளிலிருந்து அவளுக்கு ஒரே பயம். அதை அவள் என்னிடம் சொன்னாள். நான் சின்னப் பெண், எனக்குப் புரியாது என்ற தைரியத்தில் சொல்லியிருப்பாள். "அங்க நான் கூப்புட்டா யாருக்குமே கேக்காதுடி. நம்ம வூட்டுக்கு வந்துட்டாப் போதும். அம்மாவுக்கு நான் பொரண்டு படுத்தாலே கேக்கும்."

தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான். அதில் யாருக்கும் இரண்டாவது பேச்சு இல்லை. ஏழாம் மாதம் ஆவணியில் வந்தது. வளைகாப்பை எங்கள் வீட்டிலேயே வைத்து, அப்படியே அக்காவை இருத்திக்கொள்வதாக ஏற்பாடு.

அன்று கூடம் நிறையப் பெண்கள். சந்தனமும் வாழைப்பூவும் வேர்வையும் கலந்த வாசனை இப்போதும் எனக்குத் தனித்தனியாக நினைவிருக்கிறது. அக்கா மணையில் உட்கார்ந்திருந்தாள், இரண்டு கையிலும் முழங்கை வரைக்கும் கண்ணாடி வளையல். நலங்கு வைக்க எல்லோரும் ஒரே பக்கமாக நெருங்கினார்கள். அப்போது வடக்குச் சுவருக்கு அடியில் ஒரு சத்தம். முறிகிற சத்தம் இல்லை. ஈரச் சாக்குமூட்டையைக் கீழே போட்டது போல ஒரு பொத்தென்ற சத்தம். பலகைகள் கிறீச்சிட்டன. சுவரில் மாட்டியிருந்த படங்கள் ஒன்றாகச் சாய்ந்தன. ஓட்டிலிருந்து தூசி கொட்டியது. பெண்கள் வாசலுக்கு ஓடினார்கள்.

அக்கா மட்டும் எழுந்திருக்க முடியாமல் மணையிலேயே இருந்தாள். வாசலில் நின்ற அத்தை முறைக்காரி ஒருத்தி கத்தினாள். "ஏண்டி, உள்ள என்ன புள்ளையா, அம்மிக்கல்லா? வூடே தாங்கலையே!"

எல்லோரும் சிரித்தார்கள். அக்காவும் சிரித்தாள். வளையல்கள் குலுங்கியது வாசல் வரைக்கும் கேட்டது. அந்த வீட்டில் அவள் வாய்விட்டுச் சிரித்ததில் எனக்கு நினைவிருக்கும் கடைசி அதுதான்.

மறுநாள் ஆசாரி வந்தார். சுண்ணாம்பைச் சுரண்டிவிட்டு, கட்டையில் உளியை வைத்துக் கையால் அழுத்தினார். சுத்தியல் தேவைப்படவில்லை. உளி பிடிவரைக்கும் போய் நின்றது. இழுத்தபோது கறுத்த தூளும் கறையானும் வந்தன. ஊறிய பலாக்கொட்டை போல ஒரு வாடை.

"மழைக்கு முந்தி மாத்தியாவணுங்க ஐயா," என்றார். "ஐப்பசி மழையில செங்கக் கட்டு ஊறுச்சின்னா, மொத்தமும் படுத்துரும். ஓட்ட எறக்கிட்டு, ஜாக்கி வச்சித் தூக்கி, முட்டுக் குடுத்து நிறுத்திட்டு, பழச உருவிப் புதுசச் சொருவணும். நாலு நாள் வேல."

அப்பா உடனே சம்மதித்தார். பேசிக்கொண்டே ஆசாரி திரும்பியவர், சமையலறை வாசலில் நின்ற அக்காவைப் பார்த்தார். உளியைத் துணியில் சுற்றிப் பையில் வைத்துவிட்டார்.

"புள்ளத்தாச்சி இருக்கா வூட்டுல?"

"ஆமா. ஏழு மாசம்."

"அப்ப நான் தொட மாட்டேங்க. புள்ளத்தாச்சி இருக்கிற வூட்ட ஆணி அடிக்கவே நாங்க யோசிப்போம். இது அடிக்கட்டையவே உருவுற வேல."

அப்பா பகுத்தறிவு பேசுகிறவர். எங்கள் வீட்டில் ராகுகாலம் பார்த்தது அம்மா, அதுவும் அவருக்குத் தெரியாமல். இருந்தும் அவர் அன்று ஆசாரியோடு வாதம் செய்யவில்லை. ஆசாரி போன பிறகு அவர் அம்மாவிடம் சொன்னது இன்னும் எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. "நான் இதெல்லாம் நம்புறவன் இல்ல. ஆனா ஆசாரி நம்புறானே! உளி அவன் கையிலதான இருக்கு?"

முட்டு மட்டும் கொடுத்துவிட்டு, குழந்தை பிறந்த பிறகு தை மாதத்தில் தூக்கலாம் என்றாள் அம்மா. மழையை எதை வைத்து முட்டுக் கொடுப்பது என்று கேட்டார் அப்பா. மறுபடி கூப்பிட்டுக் கேட்டபோது ஆசாரியே ஒரு வழி சொன்னார். வீட்டைத் தூக்கி இறக்கும் வரை பிள்ளைத்தாச்சி வேறு வீட்டில் படுத்து எழுந்தால் போதும். அப்போது அது அவள் இருக்கிற வீடு ஆகாது. ஆனால் அவள் பொருள் எதுவும் உள்ளே இருக்கக் கூடாது. துணிமணி, சீப்பு, பொட்டு டப்பா, ஒன்றும்.

இது தெருவுக்குத் தெரிந்த அன்று சாயங்காலமே எதிர்வீட்டு லாத்தா வந்தார். அவர் கணவர் சவூதியில் இருந்தார். பெரிய மாடி வீடு, அவரும் மாமியாரும் ஒரு சின்ன மகனும். முந்தானையைத் தலைக்கு இழுத்துவிட்டுக்கொண்டு நேராக விஷயத்துக்கு வந்தார்.

"புள்ள எங்க வூட்டுல வந்து படுத்துக்கட்டும் தங்கச்சி. மேல் ரூம்பு சும்மாத்தான கெடக்குது. ஃபேன் இருக்குது. நீங்க இங்கேருந்து கொரலு குடுத்தா அங்க கேக்கும்."

அக்கா அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒங்களுக்கு எதுக்கு லாத்தா செரமம்," என்றாள் அம்மா.

"இதுல என்னம்மா செரமம்? நான் என்ன சொமக்கவா போறேன்?"

"பாக்குறேன் லாத்தா. அவங்கப்பாட்ட ஒரு வார்த்த கேட்டுக்கிறேன்."

அம்மா அப்பாவிடம் கேட்கவில்லை. லாத்தா படி இறங்கியதும் அக்கா சொன்னாள், "அங்கயே இருந்துக்கிறேம்மா. எதிர்லதான."

"பேசாம இரு. வளகாப்பு முடிச்ச பொண்ண அடுத்த வூட்டுல படுக்க வச்சோம்னா, ஒங்க மாமியார் வூட்டுல என்ன நெனைப்பாங்க? பொண்ண வச்சிக்க எடமில்லாம பாய் வூட்டுல வுட்டுட்டாங்கன்னு ஊரெல்லாம் ஆயிரும்."

லாத்தா வீட்டிலிருந்து நோன்புக் கஞ்சி வரும். அம்மாதான் முதலில் குடிப்பாள். எங்கள் வீட்டுப் பொங்கல் அங்கே போகும். அம்மாவின் மனதில் விரோதம் எதுவும் இல்லை. கஞ்சி வாங்கிக் குடிப்பது ஒன்று, பெண்ணைப் படுக்க வைப்பது வேறு என்று அவளுக்குள் ஒரு கோடு இருந்தது. அந்தக் கோட்டைப் பற்றி அவளிடம் யாரும் கேட்டதில்லை. அவளும் தன்னைக் கேட்டுக்கொண்டதில்லை.

"நாலு நாள்தான," என்றார் அப்பா. "அவ வூட்டுக்கே போயிட்டு வரட்டும். அதுதான் மரியாத."

அக்காவின் டிரங்குப் பெட்டி, பாய், தலையணை, வளைகாப்புக்கு வந்த பட்சணத் தூக்குகள், எல்லாம் வாசலுக்கு வந்தன. அவள் சீப்பைத் தேடி எடுத்து நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். வாடகைக் காரில் ஏற்றும்போது தெருவில் ஒருத்தி கேட்டாள். "என்னடி, நேத்துதான் வந்த, அதுக்குள்ள பொட்டியோட தொரத்திட்டாங்களா?"

"வூடு என்னத் தாங்கலையாம் அத்த," என்றாள் அக்கா. சிரிப்பது போலத்தான் சொன்னாள்.

அடுத்த நாள் காலையில் வேலை தொடங்கியது. வடக்குப் பக்க ஓடுகளை இறக்கி அடுக்கினார்கள். கூடத்துக்குள் முதல் தடவையாக வெயில் விழுந்தது. எங்கள் சாமான்கள் எல்லாம் யாரோ ஏழைகளுடையவை போலத் தெரிந்தன. பனந்துண்டுகளைத் தரையில் பரப்பி, அவற்றின் மேல் லாரி ஜாக்கிகளை வைத்தார்கள். ஜாக்கிகள் லாரி செட்டிலிருந்து வந்தவை. ஆயில் நாற்றம் அடித்தன. உத்தரத்துக்கு இரண்டு பக்கமும் சவுக்கு மரங்களை நட்டு முட்டுக் கொடுத்தார்கள். ஒரு ஜாக்கியை அரைச்சுற்று திருகினால், அடுத்ததையும் அரைச்சுற்று, அதற்கடுத்ததையும். ஒவ்வொரு திருகலுக்கும் ஓர் ஆப்பு இறங்கியது. ஆசாரி காதைத் தூணில் வைத்துக் கேட்டுக்கொண்டே, "இன்னங் கொஞ்சம்... நிறுத்து... நிறுத்துறா," என்பார்.

வீடு எழும்பியது கண்ணுக்குத் தெரியவில்லை. திடீரென்று சுவருக்கும் செங்கல்லுக்கும் நடுவே ஒரு கோடு வெளிச்சம் வந்தது. நான் குனிந்து அதன் வழியாகப் பார்த்தேன். சந்தில் நின்ற ஆட்டின் நான்கு கால்கள் தெரிந்தன. ஒரு விரல் கனம்தான் தூக்கினார்கள். அதற்குள் சமையலறைக் கதவு நிலையை விட்டு விலகி, அடியில் ஒரு விரல் இடைவெளியோடு தொங்கியது. அப்பா சீவிச் சீவிக் குறைத்ததெல்லாம் அங்கே காற்றாக நின்றது. ஆசாரி பார்த்துவிட்டு, "இந்தக் கதவுக்கு யாருங்க முடி வெட்டினது?" என்றார். அப்பா பீடி பற்ற வைத்தார்.

பழைய கட்டையைத் துண்டு துண்டாக அறுத்து உருவினார்கள். அதற்கும் பலகைக்கும் இருந்த இடுக்கில் எத்தனையோ வருடத்துப் பொருட்கள் விழுந்து கிடந்தன. சோழிகள், புளியங்கொட்டைகள், ஒரு பல்லுப்போன கொம்புச் சீப்பு, பச்சை பிடித்த பிரெஞ்சுக் காசு ஒன்று, மண் அப்பிய ஒரு தங்கத் திருகாணி. தோட்டின் பின்பக்கம் முடுக்குகிற சின்னத் திருகு. அம்மா அதை முந்தானையில் துடைத்துப் பார்த்தாள். அக்கா பள்ளிக்கூடம் போகிற வயதில் அதைத் தொலைத்துவிட்டு வந்து நின்றதற்கு அவளை விளக்குமாற்றால் அடித்தது அம்மாதான். தெருவில் தொலைத்தாய், விளையாடித் தொலைத்தாய் என்று சொல்லிச் சொல்லி அடித்தாள். அது வீட்டை விட்டுப் போகவே இல்லை. "வந்தோன்ன குடுக்கணும்," என்று சொல்லி மஞ்சள் டப்பாவில் போட்டாள்.

புதிய கட்டை நாகப்பட்டினம் பக்கத்து மரவாடியிலிருந்து வர வேண்டும். நம் ஊருக்குத் தெற்கே போனாலும் வடக்கே போனாலும் சீக்கிரமே தமிழ்நாடு வந்துவிடும் என்பது உங்களுக்குத் தெரியும். சோதனைச் சாவடியில் சாராயம்தான் தேடுவார்கள். அந்த வாரம் மரத்தையும் பிடித்துக்கொண்டார்கள். அங்கிருந்து இங்கே மரம் கொண்டுவரப் பர்மிட் கேட்டார்கள். லாரி சாவடியிலேயே நின்றது. அப்பா தினமும் போனார். தினமும் யாரையோ பார்த்துவிட்டு வந்தார். வீடு ஜாக்கியின் மேலேயே நின்றது. நாங்கள் செங்கல் பாதியில் படுத்து, கொல்லையில் கீற்று மறைப்பில் சமைத்தோம். காற்றடித்தால் மரப்பாதி முனகும்.

அக்காவை அழைத்துவரட்டுமா என்று அத்தான் வந்து கேட்டார்.

"தரையில ஒக்காராத வூட்டுக்குள்ள புள்ளத்தாச்சி நொழையக் கூடாதும்மா," என்றார் ஆசாரி. "எறக்கிடுவோம். எறக்குன அன்னிக்கே கூட்டியாந்துருங்க."

லாரி வந்தது. புதுக் கட்டையின் அடிப்பக்கம் முழுக்கக் கீல் பூசினார்கள். காரைக்கால்மேட்டில் தோணிகளுக்குப் பூசுகிற அதே கீல். அந்த வாசனை பல மாதம் சோற்றில்கூட இருந்தது. கட்டை சரியாகப் பொருந்தியது. ஜாக்கிகளை இறக்கியபோது வீடு ஒரு பெருமூச்சு விட்டாற்போல உட்கார்ந்தது. வேலை சுத்தமாக முடிந்தது. அதில் ஒரு குறையும் சொல்ல முடியாது.

ஆனால் அதற்குள் புரட்டாசி பிறந்துவிட்டது. அக்காவுக்கு எட்டாம் மாதம். எட்டாம் மாதத்தில் பிள்ளைத்தாச்சியை ஆறு தாண்டி அழைத்துவரக் கூடாது. இதைச் சொன்னது ஆசாரி இல்லை, சம்பந்தி வீட்டாரும் இல்லை. அம்மாதான். "இவ்வளவு நாள் இருந்துட்டா. ஒம்போது பொறந்ததும் நல்ல நாள் பாத்துக் கூட்டியாந்துர்றேன்," என்றாள். அப்பா செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு, "ஒன் இஷ்டம்," என்றார். ஆசாரியின் சாஸ்திரத்துக்கு இடம் கொடுத்தவர், அம்மாவின் சாஸ்திரத்தை எதைச் சொல்லி மறுப்பார்?

ஐப்பசி பிறந்தது. அம்மா நாள் குறித்தாள். அந்த நாளுக்கு முன்னால் மழை வந்துவிட்டது.

மழை என்றால் வழக்கமான மழைதான். வயலும் வாய்க்காலும் ஒன்றாகி, ரோட்டின் மேல் தண்ணீர் ஓடி, பஸ் நின்றுபோகும் மழை. அன்று காலை அத்தான் மழை விட்டிருந்த நேரத்தில் வேலைக்குக் கிளம்பி வந்துவிட்டார். மாமியார் கொல்லையில் மாட்டுக்கு வைக்கோல் போட்டுக்கொண்டிருந்தார். அக்காவுக்கு வலி எடுத்தது, நாளுக்கு ரொம்ப முன்னால். அவள் உள்ளே இருந்து கூப்பிட்டாள்.

மாமியார் உள்ளே வந்து பார்த்தபோது அவள் நிலைப்படியில் கிடந்தாள். பக்கத்து வயலில் நின்றவர்கள் கட்டிலோடு தூக்கிக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் பஸ் ரோட்டுக்கு நடந்தார்கள். ரோட்டுக்கு வரும் முன்பே கட்டிலிலேயே பிறந்துவிட்டது. ஆண் குழந்தை. அழவில்லை. கொஞ்ச நேரம் மூச்சு இருந்தது என்றார்கள்.

எங்கள் வீட்டில் அம்மா அப்போது பிரசவ லேகியத்துக்குச் சுக்கும் திப்பிலியும் வறுத்துக்கொண்டிருந்தாள். அத்தான் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நனைந்தபடி வந்து நின்றார். "ஆஸ்பத்திரியில சேத்துருக்கு அத்த. அவ நல்லாருக்கா," என்றார். "அவ" என்பதை அழுத்திச் சொன்னார். அதிலேயே அம்மாவுக்குப் புரிந்துவிட்டது. வாணலி தீய்ந்து வீடு முழுக்கப் புகை. யாரும் அதை இறக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் அக்கா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். கையில் வளையல்கள் இல்லை. உடைந்துபோனவை போக மிச்சத்தை நர்ஸ் கழற்றியிருந்தார். அம்மா அவள் தலையைத் தடவினாள். அக்கா சுவரைப் பார்த்தபடியே சொன்னாள்.

"கூப்புட்டேம்மா. ரொம்ப நேரம் கூப்புட்டேன்."

அதைப் பற்றி அவள் பேசியது அவ்வளவுதான். அன்றும் சரி, பிறகும் சரி.

ஊரில் பேச்சு வந்தது. வீட்டைத் தூக்கியதால்தான் என்றார்கள். ஆசாரி வாசலுக்கே வந்துவிட்டார். "நான் சொன்னதச் சொன்னபடி செஞ்சேங்க. புள்ள வூட்டுல இல்ல, புள்ள பொருளும் இல்ல. எம்மேல பழி போட்டா நான் எப்படிங்க பொழைக்கிறது?" அவர் கண் கலங்கியிருந்தது.

அம்மா உள்ளே போய் மஞ்சள் டப்பாவை எடுத்து வந்து திறந்து காட்டினாள். "இது கெடந்துச்சே ஆசாரி. அவளோடது. அடிக்கட்டை இடுக்குலயே கெடந்துச்சே."

ஆசாரி அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். "தெரியாம கெடந்ததுக்குக் குத்தமில்லம்மா," என்றார். ஆனால் சொல்வதற்குள் அவருக்குக் கொஞ்சம் நேரமாகிவிட்டது. அந்த நேரம்தான் அம்மாவுக்குப் போதுமானதாக இருந்தது. மறுநாள் அந்தத் திருகாணியைக் கோயில் உண்டியலில் போட்டுவிட்டு வந்தாள். போட்டும் தீரவில்லை. சாகும் வரைக்கும் அவள் நம்பியது அதைத்தான். ஒரு பட்டாணி அளவு தங்கம் வீட்டுக்கு அடியில் கிடந்ததால் பேரன் போனான்.

நான் பல வருடம் ஒரு பத்திரிகையில் மற்றவர்கள் அனுப்பும் செய்திகளைச் சரிபார்த்துப் பிழைத்தவள். நடந்ததை நடந்த வரிசையில் வைத்தால் போதும், மற்றது தானாகத் தெரியும் என்பது அந்த வேலை கற்றுத் தந்தது. வைத்துப் பார்த்தால் திருகாணிக்கு அதில் இடமே இல்லை. காது கேட்காத ஒரு மாமியார், தண்ணீர் ஓடும் ஒரு ரோடு, தெருவுக்கு எதிரே சும்மாக் கிடந்த ஒரு மாடி அறை, இவ்வளவுதான் இருக்கிறது. அம்மாவிடம் இதை ஒரு தடவை சொல்ல நினைத்தேன். திருகாணியை அவளிடமிருந்து எடுத்துவிட்டால், அந்த இடத்தில் எதிர்வீடு வந்து நிற்கும். சொல்லவில்லை.

அக்கா வருவாள். பொங்கலுக்கு, தீபாவளிக்கு, அப்பாவுக்கு உடம்பு சரியில்லாதபோது. காலை பஸ்ஸில் வந்து, சமைத்துப் போட்டு, பாத்திரம் கழுவி வைத்துவிட்டு, மாலை பஸ்ஸுக்கு அத்தானோடு கிளம்பிவிடுவாள். "ராத்தங்கிட்டுப் போயேண்டி," என்பாள் அம்மா. "மாடு இருக்குதும்மா," என்பாள் அக்கா. அவர்கள் வீட்டு மாடு செத்துப்போன பிறகும் அதையே சொன்னாள். அம்மா ஒருநாளும் அதைத் திருத்தவில்லை.

எண்பதுகள் பிறந்த பிறகு அவள் மறுபடி உண்டானாள். இரண்டாம் பிரசவத்துக்குத் தாய்வீடு கட்டாயமில்லை. ஆனாலும் ஐந்தாம் மாதமே அம்மா நேரில் போய்க் கூப்பிட்டாள். வரமாட்டாள் என்று பயந்துகொண்டுதான் போனாள். அக்கா உடனே, "வர்றேம்மா, அவங்க கொண்டாந்து வுடுவாங்க," என்றாளாம். அம்மா திரும்பி வரும்போது வழியெல்லாம் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு வந்தாள். கூடத்தை வெள்ளையடித்தாள். சமையலறைக்குப் புதுக் கதவு போட்டார் அப்பா. அக்காவுக்குக் கட்டில் வாங்கிப் போட்டார்கள், அம்மாவின் பாய்க்குப் பக்கத்திலேயே.

அக்கா வந்து இறங்கிய காலை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. காரின் பின்னால் அதே டிரங்குப் பெட்டி. அம்மா ஆரத்தித் தட்டோடு வாசல்படியில் நின்றாள். அக்கா இறங்கினாள், முந்தானையைச் சரிசெய்துகொண்டாள், அம்மாவைப் பார்த்து லேசாகத் தலையசைத்தாள். பிறகு தெருவைக் கடந்து எதிர்வீட்டு வாசலில் போய் நின்றாள்.

லாத்தா கதவைத் திறந்துகொண்டு ஏற்கெனவே நின்றிருந்தார். அக்கா அத்தான் மூலம் முன்பே சொல்லி அனுப்பியிருக்கிறாள். அத்தான் பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு, எங்கள் பக்கம் பார்க்காமல், அவள் பின்னால் போனார்.

"என்னடி இது?" என்றார் அப்பா. "ஊரு என்ன சொல்லும்?"

அம்மாவின் தட்டில் கற்பூரம் எரிந்துகொண்டிருந்தது. அவள் படியிறங்கி, தட்டைக் கையால் மறைத்துக் காற்றிலிருந்து காப்பாற்றிக்கொண்டு தெருவைக் கடந்தாள். லாத்தா வீட்டு வாசலில் வைத்தே அக்காவுக்குச் சுற்றினாள். ஆரத்தி நீரைத் தெருவில் ஊற்றினாள். லாத்தா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு ஓரமாக ஒதுங்கி நின்றார். எல்லாம் முடிந்ததும், "உள்ள வாங்க தங்கச்சி," என்றார். அம்மா அந்த வீட்டு மாடிக்கு ஏறியது அன்றுதான் முதல் தடவை.

அதற்குப் பிறகு தினமும் மூன்று வேளையும் அம்மா சாப்பாடு கொண்டுபோனாள். அக்காவுக்கும் லாத்தாவுக்கும் சேர்த்துச் சமைப்பாள். அங்கேயே உட்கார்ந்திருப்பாள், இருட்டும் முன் வீட்டுக்கு வந்துவிடுவாள். ராத்திரி அங்கேயே படுக்கச் சொல்லி அக்காவும் கேட்கவில்லை, படுக்கட்டுமா என்று அம்மாவும் கேட்கவில்லை. வலி எடுத்தபோது லாத்தாவின் மாமியாருக்குத்தான் முதலில் கேட்டது. பக்கத்திலேயே இருக்கிற ஆஸ்பத்திரிக்கு எல்லோருமாக நடத்தியே கூட்டிப்போனோம். பெண் குழந்தை. ஆஸ்பத்திரி முழுக்கக் கேட்கிற மாதிரி அழுதது.

குழந்தையோடு அக்கா அந்த மாடி அறைக்கே திரும்பினாள். தீட்டுக் கழித்த அன்று அம்மா பத்தியச் சோற்றைக் கட்டிலோரம் வைத்துவிட்டு ஜன்னலருகில் நின்றாள்.

"இங்கேருந்து நம்ம வூடு தெரியுதாடி?"

"தெரியுதும்மா."

"எப்படி இருக்கு?"

அக்கா குழந்தையை அடுத்த பக்கம் மாற்றிப் போட்டுக்கொண்டாள். "நேரா நிக்குது," என்றாள்.

அம்மா அவள் சாப்பிட்டு முடிக்கும் வரைக்கும் இருந்து, பாத்திரத்தை எடுத்துக்கொண்டு படியிறங்கினாள்.